ஆளுக்கொரு வசனம்

"இனிமே போகப் போறதில்ல" என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எங்கள் கார் கிள்ளான் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. டயாலிசிஸ் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சாயங்கால நெரிசல். முன்னால் ஒரு கொள்கலன் லோரி அசையாமல் நின்றது. எங்கே போகப் போவதில்லை என்று நான் கேட்கவில்லை. வாரத்துக்கு மூன்று முறை நாங்கள் போகிற இடம் அது ஒன்றுதான்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றேன்.

"பேசறதுக்கு ஒன்னும் இல்லம்மா. சொல்லிட்டேன்" என்றார். ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் எப்போதும் இப்படித்தான். பெரிய விஷயங்களை எல்லாம் நான் ஸ்டீரிங் பிடித்திருக்கும்போதுதான் சொல்வார். திரும்பி முறைக்கக்கூட முடியாது. எனக்கு வந்த கோபத்தில் ஹாரனை அழுத்தினேன். லோரிக்காரன் பாவம், கையை வெளியே நீட்டி என்ன என்று கேட்டான்.

சர்க்கரை முதலில் அவருடைய இடது கால் விரல்களை எடுத்தது. பிறகு கிட்னியை. ஐந்து வருஷமாக மெஷின்தான் அவருடைய ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தது. கையில் ஊசி ஏற்றுகிற நரம்பு இரண்டு முறை அடைத்துப்போய், கடைசியில் கழுத்தில் ஒரு டியூபைப் பொருத்தியிருந்தார்கள். டயாலிசிஸ் சென்டர் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இருந்தது. கூட வந்தவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். நோயாளிகள் உள்ளே சாய்வு நாற்காலிகளில் நாலு மணி நேரம் கிடப்பார்கள். சில மாதங்களாக அவருடைய இதயமும் தளர்ந்திருந்தது. பாதியிலேயே பிரஷர் இறங்கிவிடும். கண் மேலே செருகும். நர்ஸ் மிஸிகள் ஓடிவந்து நாற்காலியைச் சாய்த்துக் காலைத் தூக்கி, கன்னத்தில் தட்டி, "பக்சிக், பக்சிக்" என்று மலாயில் மாமா முறை சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்துவிடுவார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று வேத வசனம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

மெஷினை நிறுத்தினால் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு வேதம் தெரியும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை, அதனால் அப்படியே சொல்கிறேன். ஞாயிறுப் பள்ளியில் மனப்பாடப் போட்டி என்றால் மற்றப் பிள்ளைகள் இரண்டாம் பரிசுக்குத்தான் போட்டி போடுவார்கள். பிறகு தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸ் சபையில் பெண்கள் ஐக்கியத்துக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவள் நான்தான். என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. ஆறாம் வகுப்புவரை தமிழ். துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். கல்யாணத்துக்கு முன்பு ஞானஸ்நானம் எடுத்தார். எனக்காகத்தான் எடுத்தார் என்று என் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இவர் அதை மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. வேதம் வாசிக்கும்போது வரியின் கீழே விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்த்துவார். எங்கேயாவது தடுக்கினால் நான் திருத்துவேன். கல்யாணமான நாளிலிருந்து திருத்திக்கொண்டேதான் இருந்தேன்.

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, அப்புறம் வேதபகுதி. ஆளுக்கொரு வசனமாக மாறி மாறி வாசிப்போம். மகள் இருந்த காலத்தில் மூன்று பேர், அவள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு இரண்டு பேர். பகுதியை எடுப்பது நான். ஜெபம் செய்வதும் நான்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைக் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வோம், பக்கத்தில் இருப்பவர் காதில் நன்றாக விழும்படி. மருமகள் காலையில் சீக்கிரம் எழுந்திருக்கும் கிருபையைத் தாரும் என்று மாமியார் ஜெபிப்பார். மருமகள் அதற்கு ஆமென் சொல்லியே ஆக வேண்டும். சபைக் கமிட்டியில் பாதிச் சண்டை ஆரம்ப ஜெபத்திலேயே முடிந்துவிடும். இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதுதான் இதில் உள்ள வசதி. ஆண்டவரோடு பேசிக்கொண்டிருப்பவளை யார் குறுக்கே மறிப்பது?

அன்று ராத்திரி நான் தேடி எடுத்த பகுதி, சாகப்போன ஒரு ராஜாவின் கதை. நீ பிழைக்க மாட்டாய் என்று தீர்க்கதரிசி வந்து சொல்லிவிட்டான். ராஜா சுவர்ப்பக்கமாகத் திரும்பி அழுது ஜெபித்தான். தேவன் மனமிரங்கி அவனுடைய ஆயுசில் பதினைந்து வருஷத்தைக் கூட்டினார். என் வீட்டுக்காரர் தன் பங்கு வசனங்களை விரல் வைத்து வாசித்தார். நான் கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, நீர் கொடுத்த ஜீவனை மனுஷன் தானாக வேண்டாம் என்று தள்ளுவது உமக்கு எவ்வளவு வேதனையாக இருக்கும்! இந்தக் குடும்பத்தின் தலைவருக்குள் இருக்கிற பிடிவாதத்தின் ஆவியை உடைத்துப்போடும். மனைவி, பிள்ளை படுகிற பாட்டைப் பார்க்க அவருடைய கண்களைத் திறந்தருளும்." இன்னும் நிறையச் சொன்னேன். குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுத்தது. அது பொய்யான அழுகை இல்லை, ஆனால் எந்த இடத்தில் வரும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஆமென் சொன்னேன். அவரும் சொன்னார். சத்தமாக ஜெபிக்கிற வழக்கமே இல்லாத மனிதர், அன்றைக்குக் கண்ணைத் திறக்காமல் தொடர்ந்தார்.

"ஆண்டவரே, அந்த ராஜாவுக்கு பதினஞ்சு வருஷம் குடுத்தீங்க. நன்றி. அவரு கழுத்துல டியூப் இருந்துச்சா இல்லையான்னு எழுதி வைக்கல. ஆமென்."

நான் எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவினேன். அவ்வளவு சத்தமாக அதுவரை கழுவியதில்லை.

அடுத்த முறை போக வேண்டிய நாளில் அவர் கட்டிலை விட்டு எழவில்லை. நான் மகளுக்கு ஃபோன் போட்டு அவர் காதில் வைத்தேன். அவள் அழுதாள். அவளுக்காக எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். அன்றும் பிரஷர் இறங்கியது. அந்த வாரம் முழுவதும் சாயங்காலம் ஆனால் சண்டை, எல்லாம் ஜெபத்தில். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன், வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்ட ஸ்திரீ, கல்லறையிலிருந்து எழுந்து வந்த மனிதன் என்று வேதத்தில் சுகமான ஒவ்வொருவரையும் கூட்டிவந்து அவர் முன்னால் நிறுத்தினேன். யாரும் அவரை அசைக்கவில்லை.

பிறகு பாஸ்டருக்குச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை அவரும் எங்கள் ஜெபக்குழுவில் நாலு பேரும் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு வாக்குத்தத்த வசனம் சொன்னார்கள். ஒரு சிஸ்டர் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து, "விசுவாசம் குறையிறப்பதான் பிரதர் இந்த மாதிரி எண்ணம் வரும்" என்றார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "டீ குடிங்க லா எல்லாரும், ஆறிடும்" என்றார். அவர் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது பாஸ்டர் மட்டும் வாசலில் என்னிடம் தணிந்த குரலில், "சிஸ்டர், டாக்டர் என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. டாக்டரைக் கேட்பதற்கு எனக்கு பாஸ்டர் எதற்கு?

டாக்டர் சொன்னது அதைவிடப் பிடிக்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு இளம் மலாய்ப் பெண். அவள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பேசினாள். "அங்கிள் புன்யா பாடான் சுடா பெனாட்" என்றாள். உடம்பு களைத்துவிட்டது. தொடர்ந்தாலும் உடன் இருப்போம், நிறுத்தினாலும் உடன் இருப்போம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ள வீட்டுக்கே மிஸி வருவார்கள் என்றாள். "இது தற்கொலை இல்லையா?" என்று நான் கேட்டேன். இல்லை ஆன்டி, வியாதி அதன் வேலையை முடிக்கிறது, நாம் அதைத் தடுப்பதை நிறுத்துகிறோம், அவ்வளவுதான் என்றாள். பிறகு அவரிடம், "அங்கிளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். நான் குறுக்கே புகுந்து, இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் சொன்னேன்.

அன்று சாயங்காலம் நான் பகுதியைத் தேடிப் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கும்போது அவர் கையை நீட்டி என் மடியிலிருந்து வேதத்தை எடுத்துக்கொண்டார்.

"நீ எடுக்காத. இந்தத் தடவை நான் எடுக்கறேன்."

சுவிசேஷங்கள் நான்கையும் பிரித்துப் பார்த்தார். ஆகச் சிறியது எது என்று கேட்டார். சொன்னேன். பதினாறு அதிகாரம்.

"முதல்ல இருந்து வரிசையா வாசிப்போம். நாளுக்கு ஒரு அதிகாரம். எதையும் தாண்டக் கூடாது, எதையும் தேடி எடுக்கக் கூடாது. முடியற வரைக்கும் நான் மெஷினுக்கு வரேன். முடிஞ்ச பிறகு நீ என்னைக் கேக்கக் கூடாது."

"அப்புறம்?"

"அப்புறம், என்னை வெச்சு ஜெபம் பண்ணாத. எல்லாருக்கும் பொதுவான பரமண்டல ஜெபத்த மட்டும் சொல்லுவோம்."

நான் உடனே சம்மதித்தேன். அவருக்கு அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது, எனக்குத் தெரியும். முதல் அதிகாரத்திலேயே ஜுரம் நீங்கும், குஷ்டம் நீங்கும். அதிகாரத்துக்கு அதிகாரம் சுகமளிப்புதான். தானாகவே வந்து என் வலையில் விழுந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் அப்படித்தான் போனது. சுகமாகிறவர்களுடைய வசனம் என் முறைக்கு வந்தால் குரலைக் கொஞ்சம் உயர்த்தி வாசிப்பேன். அவருடைய முறைக்கு வந்தால் அவர் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் வாசிப்பார், பிசாசு ஓடினாலும் சரி, படகு கரை சேர்ந்தாலும் சரி. சில நாட்களில் எனக்குப் பயம் வந்தது, பக்கங்கள் சீக்கிரம் தீர்ந்துகொண்டிருந்தன. தலை வலிக்கிறது என்றேன். ஒரு நாள், இது பெரிய அதிகாரம், பாதி போதும் என்றேன். சரி என்றார். மறுபடியும் அப்படிச் சொன்னபோது, "டீச்சர், சிலபஸ் முடிக்கணும் லா" என்று சிரித்தார். கழுத்து டியூப் சிரிப்பில் ஆடியது.

எட்டாம் அதிகாரம் வந்த அன்று அவருக்கு உடம்பு முழுவதும் அரிப்பு. தோலைச் சொறிந்துகொண்டே வாசித்தார். இயேசு தன் சீஷர்களிடம், தான் பாடுபட்டுச் சாகப்போவதை முதல்முறையாக வெளிப்படையாகச் சொல்கிற இடம். சீஷர்களில் மூத்தவனான ஒரு மீனவன் அவரைத் தனியே அழைத்துக்கொண்டுபோய், அப்படிப் பேசக்கூடாது என்று கடிந்துகொள்கிறான். அந்த வசனம் என் முறைக்கு வந்தது. வழக்கம்போல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அதற்கு இயேசு சொல்கிற பதில் என் வீட்டுக்காரர் முறைக்கு வந்தது. எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே என்கிற பதில். அவர் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். நடுவில் ஒரு சொல்லில் தடுக்கினார். நான் திருத்தவில்லை. அவரே திரும்ப வாசித்துச் சரிசெய்துகொண்டார்.

"வேணும்னே இந்த புத்தகத்த எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். உண்மையாகவே புரியவில்லை. "நீதானம்மா வேதம் தெரிஞ்சவ. எனக்கு அடுத்த பக்கத்துல என்ன இருக்குன்னுகூடத் தெரியாது."

அடுப்படிக்குப் போய் நின்றேன். முதலில் அவர் மேல் கோபம். பிறகு ஆண்டவர் மேல் கோபம். அந்தப் பகுதியை நான் பத்து வயதில் மேடையில் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். யாரோ ஒரு முன்கோபக்கார மீனவனுக்குச் சொன்னது என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். அவன் கெட்டவன் இல்லை. இயேசுவின் மேல் இருந்த ஆசையினால்தான் கடிந்துகொண்டான். சாகாதே என்று சொல்வதற்கு எவ்வளவு அன்பு வேண்டும்! ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்காமல் தன் பயத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான். அப்படித்தான் எனக்கு அன்றைக்குத் தோன்றியது, அப்படித் தோன்றியது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. திரும்பி வந்து பரமண்டல ஜெபத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அதற்கடுத்த டயாலிசிஸ் மிக மோசம். ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. மிஸி வெளியே வந்து, அக்கா என்று மலாயில் விளித்து, "கக்கா, இன்னிக்கு போதாது, ஆனா இதுக்கு மேல முடியாது" என்றாள். வரும் வழியில் காரிலேயே வாந்தி எடுத்தார். வீட்டில் பாத்ரூமில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கழுவிவிட்டேன். கிடங்கில் சுமை ஏற்றி இறக்கிய தோள்கள், இரண்டு எலும்பாக இருந்தன. நான் தேய்க்கத் தேய்க்க, "சோரி மா, சோரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. வாய் மூடுங்க என்று அதட்டினேன். அந்த அதட்டல் இப்போதும் காதில் இருக்கிறது.

பத்தாம் அதிகாரத்தின் கடைசியில் வழியோரம் உட்கார்ந்து பிச்சையெடுக்கிற ஒரு குருடன் வருவான். இயேசு போகிறார் என்று கேள்விப்பட்டுக் கூப்பிடுவான். சும்மா இரு என்று எல்லாரும் அதட்டுவார்கள். அவன் இன்னும் சத்தமாகக் கூப்பிடுவான். இயேசு நின்று அவனை அழைத்து, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார். குருடனுக்கு என்ன வேண்டும் என்பது கூடத் தெரியாதா? ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகள் இதைக் கேட்பார்கள். அவனுடைய விசுவாசத்தைச் சோதிப்பதற்காகக் கேட்டார் என்று நான் பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கேள்வி இருந்த வசனம் எனக்கு வந்தது. பாதியில் குரல் நின்றுவிட்டது. இது சோதனை இல்லை. தெரியாததால் கேட்டதும் இல்லை. மற்றவர்கள் எல்லாரும் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இயேசு ஒருவர்தான் அவனிடம் கேட்டார். நான் ஐந்து வருஷமாக என் வீட்டுக்காரருடைய சோற்றை அளந்தேன், தண்ணீரை அளந்தேன், எந்த டாக்டர், எந்தத் தலையணை, எந்த வசனம் என்று எல்லாவற்றையும் முடிவு செய்தேன். ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத ஒரு பெண் கேட்ட கேள்வியை நான் இன்னும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. வசனம் தெரிந்தவள் என்ற பெருமை எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் உதிர்ந்துபோனது என்று எழுத ஆசைதான். அப்படி உதிரவில்லை. வாயைத் திறப்பதற்கே எனக்கு வெகு நேரம் பிடித்தது.

வேதத்தை மூடிக் கட்டிலில் வைத்தேன்.

"என்னங்க, உங்களுக்கு நான் என்ன செய்யணும்?"

பக்கத்து வீட்டில் சீன நாடகம் ஓடுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. நான் காத்திருந்தேன். எனக்குக் காத்திருந்து பழக்கமில்லை.

"பயமா இருக்கும்மா" என்றார்.

"சாவுக்கா?"

"அந்த நாற்காலியிலேயே போயிடுவேனோன்னு. கண்ணு இருட்டிக்கிட்டு வரப்ப ஒவ்வொரு வாட்டியும் நெனைப்பேன், இதுதான் போலன்னு. கீழ டயர் கழட்டுற சத்தம். மேல டிவி. யாரோ ஒரு மிஸி கன்னத்துல அடிக்கிறா. நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு வாய அசைச்சுக்கிட்டு இருக்க. நீ என்ன சொல்றன்னுகூட எனக்குக் கேக்காது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ இந்தப் பக்கம் இருக்கணும். அவ்ளோதான். இத்தன நாளா நீ ஆண்டவர்கிட்டதான் பேசுன. என்கிட்ட பேசவே இல்ல."

நான் அழுதேன். எந்த இடத்தில் அழுகை வரும் என்று தெரியாமல் அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். அவருக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் எனக்குக் கோபமாகத்தான் வந்தது.

அதற்குப் பிறகு நான் அதிகாரங்களைப் பாதியில் நிறுத்தவில்லை. பிடிபடுவதற்கு முன் தோட்டத்தில் இயேசு வியாகுலப்பட்டு, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கெஞ்சுகிற ராத்திரியை வாசித்தோம். கூட இருங்கள், விழித்திருங்கள் என்று மட்டும்தான் அவர் கேட்டார். சிநேகிதர்கள் தூங்கிப்போனார்கள். சுகமளிக்கிற கதைகள் எப்போதோ முடிந்துபோயிருந்தன. வாசித்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். மகளுக்கு யார் சொல்வது, அடக்கம் எங்கே, பெட்டிக்கு எந்தச் சட்டை என்றெல்லாம். டை கட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கடைசி அதிகாரம் ஆரம்பித்த அன்று, நான்கைந்து வசனம் போனதும் அவர் விரலை எடுத்துவிட்டார். "இன்னிக்கு இது போதும்மா. மிச்சத்த நாளைக்கு வெச்சுக்கலாம்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் முடிக்க மனசில்லை. அது தெரிந்தபோது, மறுபடியும் கெஞ்சிப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னும் ஒரு சுவிசேஷத்துக்குச் சம்மதித்திருப்பார், எனக்காக. அந்த நாற்காலியை நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

மறுநாள் முடித்தோம். கல்லறைக்குப் போன ஸ்திரீகள், இயேசு உயிர்த்தெழுந்தார் என்ற நல்ல செய்தியைக் கேட்டும் நடுங்கி ஓடிப்போகிறார்கள். பயத்தினால் ஒருவரிடமும் ஒன்றும் பேசவில்லை. அந்த இடத்தை இதற்கு முன்பு நான் வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன். நல்ல செய்தியைக் காதால் கேட்டவர்களே அப்படிப் பயந்தார்கள் என்றால் நான் பயப்படுவதில் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் டயாலிசிஸ் சென்டருக்கு ஃபோன் போட்டேன். இன்றைக்கு வரவில்லை, இனிமேலும் வரமாட்டோம் என்றேன். எடுத்தது அவர் கன்னத்தில் தட்டுகிற அந்த மிஸிதான். மலாயில், "இது யார் முடிவு கக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இத்தனை நாளும் கேட்டவர்களிடம் எல்லாம் அவருடைய பிடிவாதம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"காமி பெர்டுவா" என்றேன். நாங்கள் இரண்டு பேரும்.

அழகான சாவு என்று ஆட்கள் சாட்சி சொல்வார்கள். இது அப்படி இல்லை. மகள் வந்துவிட்டாள். வீட்டுக்கு வருகிற மிஸி மருந்து கொடுத்தாள். இரண்டு நாள் நன்றாக இருந்தார், கேட்டதையெல்லாம் குடித்தார். பிறகு உடம்பு வீங்கியது. மூச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. புத்தி தடுமாறி ஒரு மத்தியானம் என்னை யார் என்று கேட்டுப் பிடித்துத் தள்ளினார். நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வசனம் வாய்வரை வந்தது, சொல்லவில்லை, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, சபையில் ஆராதனை நடந்துகொண்டிருக்கிற நேரத்தில், என் கை அவர் நெஞ்சின் மேல் இருக்கும்போது போனார். என்னைத் தெரிந்துதான் போனாரா என்று என்னால் சொல்ல முடியாது.

செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துவிட்டதுபோல் பேசுகிற பழக்கம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அடக்க ஆராதனை பிரிக்பீல்ட்ஸ் சபையில். கூட்டம் கலைந்த பிறகு, அன்று வீட்டுக்கு வந்து அவர் தலையில் கை வைத்த சிஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கெட்ட மனுஷி இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"மெஷின நிறுத்துறதுக்கு முன்ன ஆண்டவர்கிட்ட கேட்டீங்களா சிஸ்டர்?"

"கேட்டேன்" என்றேன்.

"என்ன சொன்னாரு?"

"உன் வீட்டுக்காரரைப் போய்க் கேளுன்னு சொன்னாரு."

அவர் என் கையை விடவில்லை. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவும் இல்லை. இரண்டு பேரும் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் ஜெபிக்கவில்லை.